பச்சையை நம்பினேன்

மார்ச் 4

மூளைக்குள் ஊசியில் மருந்து கொடுத்த எலிகளின் மூளைச் சீவல்களில் பச்சைப் புள்ளிகள் மூன்று மடங்கு! எங்கள் சாயம் ஸ்டெம் செல்களைத்தான் பச்சையாகக் காட்டும். வளர்ந்த மூளையில் தூங்கிக்கிடப்பவை அவை. எழுப்பினால் புதிய நியூரான் பிறக்கும். பதினோரு வருஷமாக எனக்குக் கண்ணாமூச்சி காட்டியவை.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

மார்ச் 5

உளறிவிட்டேன். இரண்டாவது சாயம் போட்டுப் பார்க்காமல் வெளியே மூச்சு விடக்கூடாது என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் ஓட்டை வாய்.

அத்தானுக்கு மூளைக் காய்ச்சல் வந்து இரண்டு வருஷம். பழசெல்லாம் நினைவிருக்கிறது, புதிதாக எதுவும் தங்குவதில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறார். அவருக்குப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்திருந்தது. அக்கா இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"நீதான் எழுப்பிட்டியே. இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிறேன்."

எலியிலிருந்து மனுஷனுக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 19

அக்கா பாதியாக இளைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2

இரண்டாவது சாயம் புதிய நியூரான்களைச் சிவப்பாகக் காட்ட வேண்டும். சிவப்பு இல்லை. ஒன்றுகூட இல்லை.

மூளையைச் சீவித் தரும் டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். "மேடம், ஊசி போன தடத்துலதானே பச்சையெல்லாம் கூட்டமா இருக்கு?"

ஆமாம். காயம் பட்டால் சாதாரணத் துணைச் செல்களும் எங்கள் சாயம் ஒட்டும் அதே புரதத்தை உண்டாக்கும், அதே பச்சையாக ஒளிரும். மருந்தில்லாமல் வெறும் உப்புநீர் ஊசி போட்ட எலிகளோடு ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு மாதம் மிச்சம் என்று, ஊசியே படாத எலிகளோடு ஒப்பிட்டேன். அத்தானுக்காகத்தானே அவசரப்பட்டேன்? தழும்பை எண்ணிவிட்டு... அய்யோ, அவகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?

ஏப்ரல் 3

சொல்லவில்லை.

ஏப்ரல் 4

இன்றும் இல்லை. கோழை.

ஏப்ரல் 6

சொல்லிவிட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கிழி கிழி என்று கிழிப்பாள் என நினைத்தேன்.

"அப்போ நான் இனிமே அழலாம்ல?" என்றாள். "அழுதா நம்பிக்கை இல்லாதவளா ஆயிடுவேனோன்னு அடக்கி வச்சிருந்தேன்டி."

அத்தான் பதறி ஓடிவந்தார். "ஏன் அழற? யாரு என்ன சொன்னாங்க?" அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னை முறைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மறந்து திரும்பி வந்தார், மறுபடி பதறினார். மூன்று தடவை. மூன்று தடவையும் துடைத்துவிட்டார்.



மே 11

காலையில் உப்புநீர் எலிகளுக்கு ஊசி போட்டேன். எல்லாம் முதலிலிருந்து.

மதியம் பராமரிப்பு இல்லம். மறுபடி இடம் வந்திருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டாள். எதற்கு வந்தோம் என்பது அத்தானுக்கு அதற்குள் மறந்துவிட்டது. அவளைச் சேர்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். பையை அவள் கையில் கொடுத்தார்.

"பயப்படாத. நான் தினம் வந்து பாக்கறேன்" என்றார். பிறகு நர்ஸிடம் திரும்பி, "இவ தனியா இருந்ததே இல்லைங்க. கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார்.

"பாத்துக்கறோம் சார்" என்றார் நர்ஸ்.

அக்கா சரியென்று தலையாட்டினாள்.