புதுப்பட்டியில் என் கார் வெடித்த சத்தம்

1961, புரட்டாசி. செவ்வாய் இரவு.

எம். புதுப்பட்டிக்கு இன்று அந்தக் காரை எடுத்துப் போயிருக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் இத்தாலிக் கார் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்ற திமிர். ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, உடனே மறுபடி போட்டால் சைலன்சர் வெடிக்கும். பக்கத்தில் இருந்த மச்சினனுக்குக் காட்டத்தான் ஊருக்குள் நுழைந்ததும் அதைச் செய்தேன்.

டமார் என்றது. "இன்னொரு தடவை, அத்தான்!" என்று அவன் கைதட்டினான். நானும் சிரித்தேன்.

அதற்குள் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். எங்களைப் பார்க்கவே இல்லை. மகள்களின் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டு பட்டாசு ஆலைப் பக்கம் ஓடினார்கள். தீபாவளி சீசன் நேரம், பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் வேலையில். ஒருத்தி தடுக்கி விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு எழுந்து மறுபடி ஓடினாள்.

ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் போய், "ஆலை இல்ல, என் காருதான்!" என்று கத்தினேன்.

ஏசுவார்கள் என்று நினைத்தேன். விழுந்தவள் காரைத் தொட்டுக் கும்பிட்டாள். "காருதானா? எம்புள்ளைக்கு ஒண்ணுமில்லயே! நல்லா இருப்பீகய்யா."

அதன்பிறகு எஞ்சினைக் கிளப்பவே பயமாக இருந்தது. மறுபடி வெடித்துவிட்டால்? மச்சினனிடம் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. "நீங்க உக்காருங்க, மெயின் ரோடு வரைக்கும் தள்ளிவிடுறோம்" என்றாள். எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். அவள் நொண்டிக்கொண்டே தள்ளியது கண்ணாடியில் தெரிந்தது.

ஸ்டியரிங்கை மச்சினனிடம் கொடுத்துவிட்டு நானும் தள்ளியிருக்கலாம். நான் இறங்கவே இல்லை.