லிங்குவின் தோளில் ஒரு கை

3-3-2024
ரோஜா பேங்குப் பரீட்சையில் பாஸ். மகா கபடியில் மாநிலக் கோப்பை வாங்கினாள். அந்தக் கோப்பையில்தான் இப்போது கொத்தமல்லி விதை போட்டு வைத்திருக்கிறேன். மனோஜ் சொந்தமாக ஜேசிபி வைத்திருக்கிறான். ஜீப்பு ஓட்டும் என் மகன் தங்கபாண்டியின் பிள்ளை லிங்கேஸ்வரன் மலைமேல் எஸ்டேட் கூலிக்காரர் லயத்து வீட்டில் பிறந்தவன். கேரளாப் பள்ளிக்கூடத்தில் தமிழன் என்பதால் 'பாண்டிப் பய' என்று கேலி கேட்டு, அதே பள்ளிக்கூடத்தில் முதலாவது வந்து, இன்று எறணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரி நர்சு. அஞ்சாம் வகுப்போடு ஏலக்காட்டு வேலைக்குப் போனவள் நான்; என் பேரப்பிள்ளைகள் இவர்கள். எழுதவே ருசியாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை கிடைத்தால் சுவரில் ஒற்றைப் படம், துணை வந்தால் ஜோடிப் படம். லிங்குவுக்கு இருபத்தொன்பது ஆகிறது. இன்னும் ஒற்றைப் படம்தான்.

6-3
தரகர் சுருளி லிங்குவின் புதுப் படம் கேட்டார். பொங்கலுக்குத் தபாலில் அனுப்பியது ஒன்றுதான் இருந்தது. போடிமெட்டில் அவனும், கூட வேலை பார்க்கும் ஜோயலும் நிற்பது. கத்தரிக்கோலால் ஜோயலை வெட்டிவிட்டேன். லிங்குவின் தோளில் அவன் கை மட்டும் தங்கிவிட்டது.

"யாரு கை பெரியாத்தா இது?"

"கூட்டாளிப் பய கை."

"பொண்ணு வீட்டுல கையையும் சேத்துக் கட்டிக்கணுமான்னு கேப்பாங்களே!"

வெட்டிய பாதியைத் தூக்கிப்போட மனமில்லை. டப்பாவில் வைத்தேன்.

17-3
சுருளி சொன்னது குரங்கணி ஊர்ப் பெண், டீச்சர். அடுத்த ஞாயிறு வீடு பார்க்க வருகிறார்கள். லிங்குவிடம் அதைச் சொல்லாமல், எனக்கு உடம்பு முடியவில்லை, வா என்றேன். சொல்லிவிட்டு மூன்று தோசை சாப்பிட்டேன்.

24-3
எப்படி எழுத. அவர்கள் காபியை வாயில் வைக்கும்போதே லிங்கு எழுந்தான். "மன்னிச்சுக்கங்க. உங்க பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க மாட்டேன். நானும் ஜோயலும் அஞ்சு வருசமா ஒண்ணா வாழுறோம். கல்யாணம் பண்ணின மாதிரிதான்."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். தங்கபாண்டி ஜீப்பு ஸ்பானரை எடுத்து எறிஞ்சான். புள்ளைக்குப் புருவம் கிழிஞ்சு ரத்தம். மருமக செல்லக்கனி அலறுனா. நான் என்ன செஞ்சேன்? ஒண்ணும் செய்யல. பொய் சொல்லி வரவச்சவ நான்தான? ஆம்பளைக்கு ஆம்பளையா... எனக்குப் புரியல. ரத்தம் புரிஞ்சுச்சு. நான் ஈரத்துணி கொண்டாறதுக்குள்ள பஸ்சு ஏறிட்டான்.

25-3
தங்கபாண்டி அவன் படத்தை இறக்கி எங்கேயோ போட்டுவிட்டான். ஆணி மட்டும் இருக்கிறது.

2-4
லிங்குவுக்குப் போன் போட்டேன். ஜோயல் எடுத்தான். "அம்மச்சி, அஞ்சு தையல். பயப்படண்டா, நான் கூட உண்டு." சாப்பிட்டானா என்று மலையாளத்திலேயே கேட்டேன், நாற்பது வருசம் அங்கே ஏலக்காய் எடுத்தவளுக்கு வராதா?

பின்னாலிருந்து லிங்கு, "இவன் வைக்கிற கொழம்புக்குப் பட்டினியே தேவல அப்பத்தா" என்று சிரித்தான். அப்புறம் மெதுவாக, "வீட்டுல என் படம் இருக்கா?" என்றான்.

பஸ்சு சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். வீட்டுக்குள் ஏது பஸ்சு.

3-4
சுருளியிடம் போய்ப் படத்தைத் திருப்பி வாங்கினேன். டப்பாவில் கிடந்த பாதியையும் எடுத்து, இரண்டையும் சோற்றுப் பருக்கை வைத்து அட்டையில் ஒட்டினேன். கை கைக்காரனிடம் சேர்ந்தது. லிங்குவின் ஆணியில் மாட்டினேன்.

"ஊரு சிரிக்கும் ஆத்தா," என்றான் தங்கபாண்டி.

"மலையில நம்மளப் பாண்டின்னு சிரிக்கலயா? அதுக்காக உன்னைய லயத்துல விட்டுட்டா வந்தேன்? அதக் கழட்டுனா என்னையும் கழட்டிரு."

சாப்பிடாமல் போனான்.

19-6
மழை. படத்தை அவன் தொடவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

8-7
சுவர் ஈரத்தில் பருக்கை விட்டுப்போச்சு. ஜோயல் பாதி கீழே கிடந்தது. வந்து ஒட்டலாம் என்று மேசையில் வைத்துவிட்டு ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போனேன். சாயங்காலம் வந்தால் இரண்டு பாதியும் சேர்ந்து ஆணியில் தொங்குகிறது. குறுக்கே கறுப்பு டேப்பு. ஜீப்பு வயரில் சுற்றுகிற டேப்பு.

செல்லக்கனி வாசலைக் கண்ணால் காட்டினாள். அங்கே தங்கபாண்டி ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். காபி மட்டும் கொண்டுபோய் வைத்தேன்.

9-7
லிங்குவுக்குப் போட்ட கடுதாசியை இங்கேயும் எழுதிக்கொள்கிறேன்:

அப்பு, அன்னைக்குக் கேட்டியே, உன் படம் இருக்கு. பிஞ்சதை உங்கப்பன்தான் ஒட்டி மாட்டினான். ஆனால் ஜோயல் கையில் டேப்பு, கட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. ரெண்டு பேரும் சிரித்தாப்பில் புதுசா ஒரு படம் எடுங்கள். போனில் அனுப்பினால் ஆணியில் மாட்ட முடியாது. பெரிய சைசு போட்டு வெரசா தபாலில் அனுப்பு. கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டேன்.