ஆறு கட்டில்களுக்கு ஒரு ஓவியம்

மார்ச் 3
காலையில் அக்கா போன் செய்தாள். அவள் தலைமை நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில், இனி சிகிச்சை இல்லை என்று கைவிடப்பட்டவர்களுக்குத் தனி வார்டு. ஆறு கட்டில்கள். சுவரில் இயற்கைக் காட்சி ஒன்று வேண்டுமாம். "நீ வரையற அந்த அஸ்தமனமே போதும்டி, பார்த்தா மனசு அடங்குது." சரி என்றேன். பத்து வருடமாக அதைத்தானே வரைகிறேன். கண்ணை மூடிக்கொண்டே வரைவேன்.

மார்ச் 6
மாதிரிப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த லாரிக்காரர் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா எங்களுக்குப் போயி அஸ்தமனமா?" வார்டே சிரித்தது. அக்காவும்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மார்ச் 7
வரையவில்லை.

மார்ச் 10
மறுபடி லாரிக்காரரிடம் போனேன். "சரி, நீங்களே சொல்லுங்க. என்ன வரையட்டும்?"
"என்ன வரைஞ்சாலும் அந்தச் சுவத்தைப் பார்க்க நான் தலையைத் தூக்கணும். முடியலம்மா."
எவ்வளவு பெரிய மடச்சி நான்! பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. ஏறிப் படுத்தேன். வெள்ளைக் கூரை, ஒரு குழல்விளக்கு, ஓரத்தில் நீர்க்கறை. நாள் முழுக்க இவர்களுக்கு இதுதான்.

மார்ச் 12
பூங்காவில் பெரிய மரத்தடியில் மல்லாந்து படுத்தேன். "உடம்புக்கு முடியலையாம்மா?" என்றார் காவலாளி. வேலை செய்கிறேன் என்றேன். நம்பவில்லை. நானும்தான். மனசு கண்டதையும் மேய்ந்தது — கேஸ் சிலிண்டர், பல்வலி, லாரிக்காரரின் சிரிப்பு.

மார்ச் 17
ஆறாம் நாள். மனசு மேய்வதை எப்போது நிறுத்தியது, தெரியவில்லை. இலை பச்சை இல்லை! கீழிருந்து பார்த்தால் வெயில் ஊடுருவும் இலை மஞ்சள். இன்னொரு இலையின் நிழல் விழும் இடம் மட்டும்தான் பச்சை. இத்தனை வருடம் நான் எதையாவது பார்த்தேனா? அஸ்தமனத்தையாவது?

மார்ச் 21
கூரையில் மரமெல்லாம் வரையக்கூடாது என்றார் டாக்டர். சாரம் கட்ட வேண்டும், தூசி, எல்லோரையும் வேறு வார்டுக்கு மாற்ற வேண்டும். அக்கா விடவில்லை. "பத்து நிமிஷம் அந்தக் கட்டில்ல படுத்துப் பாருங்க டாக்டர்." படுத்தார். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒரு வாரம். அதுக்கு மேல கிடையாது" என்றார்.

ஏப்ரல் 2
சாரம் கட்டி ஐந்தாம் நாள். மாற்றிய வார்டிலேயே லாரிக்காரர் காலையில் போய்விட்டார். சாரத்தின் கீழே நின்று அக்கா சொன்னாள். இன்னும் இரண்டே நாள் வேலை. போச்சே — ஒரு தடவைகூடப் பார்க்கலையே அந்த மனுஷன்! அவர் கட்டில் இருந்த இடத்துக்கு நேர் மேலேதான் வரைந்துகொண்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.
"இறங்கி வந்து சாப்பிடுடி. அப்புறம் வரை" என்றாள்.
சாப்பிட்டேன். வரைந்தேன்.

ஏப்ரல் 16
அக்காவைப் பார்க்கப் போனவள் வார்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரக் கட்டிலில் புதிதாக ஒரு கணக்கு டீச்சர். என்னை யாரென்று தெரியாது. குனிந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன்.
"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார். "மரத்தை மறைக்கிற."
தள்ளி நின்றேன்.