முழங்கை முதல் மணிக்கட்டு வரை

உங்களுக்கு,

இன்று காலை பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் என் இடது கையை மடக்கி, முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு வரை டேப் வைத்தாள். இடுப்பு முறிந்து படுத்திருக்கிறேன். "உங்களால நிக்க முடியாதுல்லம்மா. கையை வச்சே உசரம் சொல்லிடலாம்" என்றாள். டேப் சில்லென்று பட்டதும் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். கூடவே அவளும் வந்துவிட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் நீங்கள் அரியலூரில் அரசு டாக்டர். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தில் கிடைத்த எலும்புகளைப் போலீஸ்காரர்கள் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்களே, அவளைத்தான் சொல்கிறேன். முழுசாக இருந்தது ஒரு முன்கை எலும்பு மட்டும். கீழப்பழுவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், கூடக் கிடந்த கண்ணாடி வளையல் காணாமல்போன தன் மகளுடையது என்று அழுதார். அந்த எலும்பை அளந்து நீங்கள் போட்ட கணக்கில் வந்த உயரமோ மகளுடையதைவிடக் கூட இருந்தது. போலீஸ் அவரைத் திருப்பி அனுப்பியது.

வீட்டுக்கு வந்தும் உங்களுக்கு அவள் பேச்சுதான். "நல்ல உசரமா இருந்திருப்பா போல" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வீர்கள். நான் புதுப்புடவை கட்டி நின்றால்கூட நிமிர்ந்து பார்க்காத மனுஷன். செத்தவள்மேல் பொறாமைப்படலாமா என்றால், பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை "கையக் காட்டு" என்றீர்கள். நீங்களாக என் கையைப் பிடிப்பது அபூர்வம், வெட்கத்தோடு நீட்டினேன். அளந்தீர்கள். பிறகு கதவோரம் நிறுத்தி என் உயரத்தையும் பார்த்தீர்கள்.

"புத்தகக் கணக்குப்படி நீ ரெண்டு விரக்கடை கூட இருக்கணுமே."

நான்தான் வளராமல் ஏமாற்றிவிட்டது மாதிரி முகத்தைச் சுளித்தீர்கள். மறுநாள் ஆஸ்பத்திரிப் பெண்களையெல்லாம் அளந்தீர்கள். அவர்களுக்கும் அப்படியே வந்தது. வேறு தேசத்துக்காரர்களை அளந்து போட்ட கணக்கு அது. செத்தவளின் உயரத்தைக் குறைத்து எழுதினீர்கள். அந்த அம்மா மறுபடி வந்து, தன் காதுக்கு நேரே கையை வைத்து, "எம்பொண்ணு இம்புட்டுதாங்க இருப்பா" என்றார். சரியாக இருந்தது. மகளை வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார்.

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒருவேளைச் சோறுகூட விடாதவர். என் கைதான் வழி காட்டியது என்று யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னீர்களா?

நர்ஸ் இன்று அட்டவணையைப் பார்த்து என் உயரத்தைச் சொன்னாள்.

"ரெண்டு விரக்கடை கொறைச்சு எழுதிக்கம்மா" என்றேன்.

"எப்புடிம்மா சொல்றீங்க?"

"எங்க வூட்டுக்காரரு அளந்திருக்காரு."

அளந்தது அவளுக்காகத்தான், தெரியும். ஆனால் பிடித்தது என் கையை.