ஒரு கீபோர்டுக்கு இரண்டு பேர்

ஜூலை 8
லேபில் இன்னொரு கம்ப்யூட்டரும் மண்டையைப் போட்டுவிட்டது. இனிமேல் ஒன்றுக்கு இரண்டு பேர் என்று சார் சொல்லிவிட்டார். எனக்கு வாய்த்தவள் மின்னல். அவள் டைப் அடிக்கும் வேகத்துக்கு வகுப்பு வைத்த பெயர். எனக்கு வைத்தது வக்கீல். வாய் ஓயாதாம்.

ஜூலை 15
ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொல்கிறேன், அவள் அடிக்கிறாள். எல்லோருக்கும் முன்னால் முடித்துவிடுகிறோம். கீபோர்டை நான் தொடவே வேண்டியதில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத குறைகூடத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20
அசதி. பள்ளிக்கூடம், டியூஷன், வந்தால் துணி மடிப்பு. அம்மா கேட்கிறாள்: "உக்காந்த இடத்துல படிக்கிற படிப்புதானே, அதுக்கு என்ன அசதி?" எங்கே போய் முட்டிக்கொள்ள?

செப்டம்பர் 18
பிராக்டிகல் தேர்வு. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், வகுப்பில் மீதிப் பேர் தங்கள் முறைக்காக வெளியே காத்திருந்தார்கள். பத்து எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முழு புரோகிராமும் மனதில் இருக்கிறது. ஆனால் அந்த வளைந்த அடைப்புக்குறி எங்கே? ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினேன். பாதிகூட முடியவில்லை, மணி அடித்துவிட்டது.

மூலையில் மின்னல். விரல்கள் கீபோர்டின்மேல். திரையில் ஒரு வரிகூட இல்லை.

செப்டம்பர் 22
இரண்டு பேரும் ஃபெயில்.

சார் சொன்னது: "அடுத்த மாசம் மறுதேர்வு. அதுலயும் தேறலைன்னா வேற பாடத்துக்குப் போயிடணும். பெரிய பரீட்சையில என் மானத்த வாங்காதீங்க."

அப்பாவிடம் அவ்வளவு சண்டை போட்டு எடுத்த பாடம். இதை விட்டால் எனக்கு வேறு எது வரும்? பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

செப்டம்பர் 25
இடம் மாறிக்கொண்டோம். அவள் சொல்ல வேண்டும், நான் அடிக்க வேண்டும். ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்!

"அடுத்து என்ன?" என்றேன்.

"நீயே சொல்லேன்டி."

லூப் எப்படிச் சுற்றுகிறது என்று விளக்கினேன். தலையாட்டினாள். திருப்பிச் சொல்லச் சொன்னால் முழிக்கிறாள்.

அக்டோபர் 6
"வக்கீலம்மா ஒத்தை விரல்ல வாதாடுறாங்கடா!" — கடைசி வரிசை. சிரிக்கட்டும். தோள்பட்டைதான் விட்டுப்போகிறது.

அக்டோபர் 13
நாள் நெருங்குகிறது. அவள் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. நானே சொல்லி நானே அடித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரியுதாடி?"

"புரியுதுடி."

அக்டோபர் 21
மறுதேர்வு. முதலில் ஏகப்பட்ட பிழை காட்டியது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கடைசியில் ஓடியது.

அக்டோபர் 24
நான் தேறிவிட்டேன். மின்னல் தேறவில்லை. திங்கட்கிழமை முதல் அவளுக்கு வணிகவியல் வகுப்பு.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டே, "நீ பக்கத்துல இருந்து சொல்றப்ப எல்லாம் எனக்கே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுடி" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 3
கம்ப்யூட்டர் முழுக்க எனக்கே. வரிசைப்படுத்தும் புரோகிராம், பெரியது. முதல் தடவையிலேயே ஓடிவிட்டது. "பாத்தியாடி!" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பிவிட்டேன்.

பக்கத்து நாற்காலியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வகுப்பே என்னைப் பார்த்தது.