நான்காவது செல்

மார்ச் 3

காலை ஏழு மணிக்குக் கார் அருகே இருந்தவர்கள்: நான், அவர், கொழுந்தன், மாமியார். வேறு யாருமில்லை. மாமியாரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். சாவியைத் திருப்பினேன். டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பாட்டரியில் சார்ஜ் இல்லை.

கொழுந்தன் சிரித்தான். "அண்ணி ராத்திரி லைட்டை அணைக்காம விட்டிருப்பாங்க. வேற என்ன?"

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இனிமே நீ ஓட்ட வேணாம். சாவியைக் குடு."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அணைத்துவிட்டுத்தானே இறங்கினேன்!

மார்ச் 4

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. வாய் மட்டும் முணுமுணுத்தது.

மார்ச் 5

பாட்டரியோடு வந்த கையேட்டை இரண்டு தடவை படித்தேன். கீழ்வீட்டு மெக்கானிக்கிடம் ஹைட்ரோமீட்டர் இரவல் வாங்கி, கையுறை மாட்டி, பாட்டரியின் ஆறு செல்லிலும் அமிலத்தை உறிஞ்சி அதன் அடர்த்தியைப் பார்த்தேன். ஐந்து செல்லில் 1.190. நான்காவதில் 1.100.

விளக்கு எரிந்து தீர்ந்திருந்தால் ஆறும் ஒன்றுபோல் இறங்கியிருக்கும். அவரிடம் சொன்னேன். "சார்ஜ் ஏத்தினா எல்லாம் சரியாயிடும், விடு" என்றார்.

ஏற்றிப் பார்த்துவிடலாம்.

மார்ச் 6

கொல்லைப்புறத்தில், காற்றோட்டமாக. முதலில் சார்ஜரின் கவ்விகள், பிறகு சுவிட்ச், குறைந்த ஆம்பியர். அமிலத்தில் குமிழி கிளம்பும் நேரம் கொழுந்தன் சிகரெட்டும் கையுமாகக் குனிகிறான்! பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டேன்.

"என்ன அண்ணி, இவ்ளோ கோவம்?"

"இதுலேர்ந்து வர்ற வாயு பத்திக்கும். வெடிச்சா மீசையோட நிக்காது தம்பி, மூஞ்சியே போயிடும்!"

"நல்லாக் கேட்டுக்கோடா" என்றார் மாமியார் உள்ளிருந்து.

மார்ச் 7

சார்ஜரைக் கழற்றி நாலு மணி நேரம் ஆறவிட்டு அளந்தேன். ஐந்தும் 1.265, முழு சார்ஜ். நான்காவது 1.130-ஐத் தாண்டவில்லை. அந்த செல்லே பழுது. அளவுகளைக் குறித்த நோட்டை அவர் முன் விரித்து வைத்தேன்.

"எனக்கு இது தெரியாதே" என்றார்.

தெரியாதவர் ஏன் தீர்ப்புச் சொன்னார்? கடவுளே, இன்றும் என் கோபம் தணியவில்லை.

மார்ச் 8

"கடைக்கு நீயே எழுதிடு. உனக்குத்தான் விவரம் தெரியும்." சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதியதன் நகல்:

"ஐயா, உங்களிடம் ஏழு மாதம் முன்பு வாங்கிய பாட்டரியில் நான்காவது செல் பழுது. சார்ஜுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை இணைத்துள்ளேன். உத்தரவாதக் காலம் முடியவில்லை. மாற்றித் தர வேண்டும். காரை ஓட்டுபவள் நான். கேள்வி இருந்தால் என்னிடமே கேளுங்கள், வீட்டு ஆண்களிடம் வேண்டாம். வரும் செவ்வாய்க்கிழமை என் மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. விரைவில் பதில் எழுதுங்கள்."