றிஸ்னாவின் கணக்குப் புள்ளி

2005 ஏப்ரல், செவ்வாய் இரவு

இன்று றிஸ்னாவின் உம்மா அகதி முகாமிலிருந்து பாடசாலைக்கு வந்தார். கையில் மகளின் தேர்ச்சி அறிக்கை. கணக்குக்கு எழுபத்தொன்று. கீழே என் கையெழுத்து.

சுனாமியன்று றிஸ்னாவைக் கடல் கொண்டுபோய் மூன்று மாதம் கடந்துவிட்டது; உடல் கிடைக்கவில்லை. வகுப்பு வரவு இடாப்பிலிருந்து அவள் பெயரை நான் வெட்டவில்லை. வெற்றிடம் விட்டால் கொம்பியூட்டர் ஏற்காதென்று, புள்ளி பதிந்தவர் போன தவணைப் புள்ளியையே போட்டிருக்கிறார். கட்டோடு வந்த அறிக்கைகளில் பார்க்காமலே ஒப்பமிட்டேன்.

"பிழை நடந்திட்டு ராத்தா" என்றேன்.

"என்ன பிழை? மையத்துக் கிடைக்கல்லயே டீச்சர். என்ட புள்ளதான் வந்து எழுதியிருக்கா. எந்த வாங்கில இருந்தவ?"

என்னையறியாமல் ஜன்னலோர வாங்கில் அவள் உட்காரும் இடத்தைக் காட்டினேன். அவர் அதைத் தடவிச் சிரித்தார்.

"அடுத்த சோதனை எப்ப?"

"ஜூலையில" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஜூலையில் அவர் வருவார். எனக்கு அவரை நினைத்துப் பயமில்லை; அடுத்த அறிக்கையில் நான் பார்த்தே ஒப்பமிட்டுவிடுவேனோ என்றுதான் பயம்.